பெற்றோருக்கு ஒரு கணினி

(மன்றத்தின் ஆண்டு விழாவில் பல்கலைக்கழக மாணவி ஒருவர் நிகழ்த்திய உரை)

 

இவ்விழாவிலே பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைக் கேட்டபொழுது, பொருளை நானே தெரிந்துகொள்ளலாம் என்றார்கள். கல்வியின் சிறப்பைப் பற்றியும் இளைஞரின் கடமையைப் பற்றியும் இம்மேடையில் என்னினும் தகுதியுடையோர் பலமுறை பேசியுள்ளனர். ஆகவே நான் எடுத்துக்கொண்ட பொருள் சிறியது. ஒரு வீட்டுக்குள் அடங்குவது. வயது முதிர்ந்த தாய்க்கோ தந்தைக்கோ குறைந்த செலவில் ஒரு கணினி வாங்குவது எப்படி, வாங்கியபின் அதனை அவர்களுடைய கண்ணுக்கும் கைக்கும் ஏற்றவாறு அமைத்துக் கொடுப்பது எப்படி என்பதே அது.

"வயதான காலத்தில் அவர்களுக்குக் கணினி எதற்கு?" என்று உங்களிற் சிலர் மனத்துக்குள் கேட்பது எனக்குத் தெரிகிறது. அக்கேள்விக்கு விடை கூறாமல் விலைப்பட்டியலை வாசிப்பது முறையன்று. எனவே முதலில் அதனையே எடுத்துக்கொள்கிறேன்.

நம் மக்களின் சரித்திரம் ஒரு வகையிற் கடதாசியின் சரித்திரம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நம் பாட்டன்மாரிடம் கேட்டது அவர்களுடைய உழைப்பையன்று. முன்னோர் இந்நாட்டிற் பிறந்தார்கள் என்பதற்கு அத்தாட்சியையே. அந்தக் கடதாசி லயத்திலே இருக்கவில்லை. 1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் இரண்டு பிரதம மந்திரிகள் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தினால் எத்தனையோ குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பின்னரே எஞ்சியிருந்தோர்க்குப் பிரசாவுரிமைக் குறை தீர்ந்தது. இத்தனை காலமும் ஒரு விண்ணப்பம், ஒரு பிறப்புச் சான்றிதழ், ஒரு கடிதம் என்பவற்றின் அருமையை நம் பெரியோர்கள் அறிந்திருந்தார்கள். அதனாலேதான் ஒவ்வொரு தோட்டத்திலும் எழுத்தறிந்த ஒருவரைத் தேடி, மாலைநேரங்களில் வாசற்படியிலே ஆட்கள் காத்திருந்தார்கள்.

என் தந்தையார் அப்படிப்பட்ட ஒருவர். குருவிட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலே கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். பகலெல்லாம் செக்ரோலிலே பேர் போட்ட அதே கை, இரவிலே லயத்து மக்களுக்காகக் கடிதமும் விண்ணப்பமும் எழுதும். இதற்காக அவர் ஒரு சதமும் வாங்கியதில்லை. அறுபத்தைந்து வயதைக் கடந்தபின் கை நடுங்கத் தொடங்கியது, கண்ணும் மங்கியது. ஒரு நாள் அவர் எழுதிக் கொடுத்த கடிதம் ஒன்று, எழுத்து விளங்கவில்லை என்ற குறிப்புடன் ஓர் அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தது. அதன்பின் யாராவது கடதாசியுடன் வந்தால், "வேறு ஆளைப் பாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுவார். வேறு ஆள் இல்லை என்பது வந்தவருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஆகவே எங்கள் வீட்டிலே கணினி வாங்கியது விளையாட்டுக்கன்று. கை நடுங்கினாலும் அச்சு நடுங்காது. கண் மங்கினாலும் எழுத்தைப் பெருப்பித்துக் கொள்ளலாம். இந்த இரண்டு நன்மைகளுக்காகவே அதனை வாங்கினோம்.

எழுதுவதற்கு இன்று இடமும் உண்டு. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எந்தப் பிரசையும் ஓர் அரச அலுவலகத்திடம் தமிழிலே எழுதித் தகவல் கேட்கலாம். கொடுப்பதா இல்லையா என்ற தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் அறிவிக்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதியை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் கேட்டுப் பெறலாம். இந்த உரிமைகளெல்லாம் சட்டப் புத்தகத்திலே உள்ளன. ஆனால் உரிமை தானாக நடந்து லயத்துக்கு வருவதில்லை. எவராவது எழுதிக் கேட்க வேண்டும். எழுதத் தெரிந்தவர்களோ நம் மூத்தோர். இளைஞர்களாகிய நாம் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டோம்.

நிற்க. எல்லா வீட்டுக்கும் கணினி வேண்டும் என்று நான் கூறவரவில்லை. தூரத்திலுள்ள பிள்ளையுடன் பேசவும், பேரப்பிள்ளையின் முகம் பார்க்கவும், பழைய பாட்டுக் கேட்கவும் மட்டுமே அம்மா விரும்பினால், நல்ல கைத்தொலைபேசி ஒன்றே போதும். அதற்கு மேலே காசைக் கொட்டுவது வீண். எழுத விரும்புகிறவர், கணக்கு வைத்திருக்கிறவர், கோயிற் சபையிலோ மரண உதவிச் சங்கத்திலோ பொறுப்பில் இருக்கிறவர், பத்திரிகையைப் பெரிய எழுத்திலே வாசிக்க ஆசைப்படுகிறவர் ஆகியோர்க்கே கணினி பயன்படும். வாங்குமுன் பெற்றோரிடம் கேளுங்கள்: "இதை வைத்து என்ன செய்ய விரும்புகிறீர்கள்?" என்று. அவர் சொல்லும் மூன்று காரியங்களை ஒரு துண்டிலே எழுதிக்கொள்ளுங்கள். அந்த மூன்றுக்காகவே வாங்குங்கள். கடைக்காரர் சொல்லும் நான்காவது காரியத்துக்காக வாங்காதீர்கள்.

இனி விலைக்கு வருவோம். 2022ஆம் ஆண்டு மார்ச்சின் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது. மே மாதத்திலே 360 ரூபா வரை ஏறியது. வெளிநாட்டிலிருந்து வரும் பொருளாதலால் கணினியின் விலையும் அதனோடு ஏறிற்று. பழைய இடத்துக்கு இறங்கவேயில்லை. புதிய கணினி நம் போன்றோர் கைக்கு எட்டாத உயரத்திலே நிற்கிறது. ஆனால் கொழும்பிலுள்ள கம்பனிகள் சில ஆண்டுகள் பாவித்துக் கழித்துவிடும் மேசைக் கணினிகள், துப்புரவு செய்யப்பட்டு, நகரங்களிலுள்ள கடைகளுக்கு வருகின்றன. இவை அலுவலக வேலைக்கெனச் செய்யப்பட்டவை, உறுதியானவை, உதிரிப்பாகம் எளிதிற் கிடைக்கும். நாம் தேட வேண்டியது இவற்றையே.

2025ஆம் ஆண்டிலே எங்களுக்கு ஆன செலவைச் சொல்கிறேன். பாவித்த கணினிப் பெட்டி 21,000 ரூபா. பாவித்த 22 அங்குலத் திரை 12,500 ரூபா. புதிய எஸ்.எஸ்.டி. நினைவகம் 8,500 ரூபா. விசைப்பலகையும் மவுசும் 2,500 ரூபா. மின்சாரம் நின்றால் சில நிமிடம் தாங்கும் யு.பி.எஸ். பெட்டி 9,500 ரூபா. ஆக மொத்தம் 54,000 ரூபா. 2024ஆம் ஆண்டு செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டிருந்தது. நம் கணக்கிலே சொன்னால் இது நாற்பது பேர். நாற்பது நாள் கொழுந்து பறித்து, அல்லது நாற்பது நாள் பால் வெட்டிப் பெறும் கூலி! இந்த எண்ணம் கடைக்குள் நுழையும்போது நம் மனத்திலே இருக்க வேண்டும். ஏனெனில் அங்கே அரைப்பேர்கூட வீணாகக் கூடாது.

எதிலே சிக்கனம், எதிலே சிக்கனம் கூடாது என்பதைக் கூறுகிறேன்.

கணினியின் மூளை மிகப் புதியதாயிருக்க வேண்டியதில்லை. கடிதம் எழுதவும் பத்திரிகை வாசிக்கவும் பத்தாண்டுப் பழமையான மூளை போதும். தற்காலிக நினைவகமாகிய ராம் 8 ஜிகாபைட் இருக்கட்டும்; 4 என்றால் இன்றைய இணையப் பக்கங்கள் திறக்கத் திணறும். பழைய பெட்டிகளிலே சுழலும் தட்டினாலான ஹார்ட் டிஸ்க் இருக்கும். அதனை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுங்கள். சுழலும் பாகம் ஒன்றும் இல்லாததால் அது தகவலைப் பன்மடங்கு விரைவாக எடுத்துத் தரும். பழைய கணினி மெதுவாய் இருப்பதற்குப் பெரும்பாலும் அந்தத் தட்டே காரணம். இந்த ஒரு மாற்றத்தினாலே, தொடங்குவதற்குப் பல நிமிடம் எடுத்த பெட்டி அரை நிமிடத்திலே விழித்துக்கொள்ளும். வயதானவர்கள் காத்திருக்க அலுப்பவர்கள் அல்லர். ஆனால் கணினி மெதுவாக இயங்கினால், "நான் எதையோ பிழையாக அழுத்திவிட்டேன்" என்று பயந்துவிடுவார்கள். விரைவு அவர்களுக்குத் தைரியம் தரும்.

திரையிலே சிக்கனம் கூடாது. கணினி பார்ப்பவரின் கண்ணுக்கே வாங்கப்படுகிறது. 19 அங்குலத்துக்குக் குறையாத திரையைத் தேடுங்கள். 22 இருந்தால் மிக நன்று. மடிக்கணினியா, மேசைக் கணினியா என்ற கேள்வி எழும். மடிக்கணினிக்கு மின்கலம் உண்டு. வெள்ளம் வந்தால் கையிலே தூக்கிக்கொண்டு ஓடலாம். இவை பெரிய நன்மைகள்தாம். ஆனால் அதன் திரை சிறியது; குனிந்து பார்க்கக் கழுத்து வலிக்கும்; பழுதானால் செலவு அதிகம். பாவித்த மடிக்கணினியின் மின்கலம் எத்தனை நாள் உழைக்கும் என்பதும் நிச்சயமில்லை. மேசைக் கணினியில் ஒரு பாகம் கெட்டால் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றலாம். இவற்றையெல்லாம் சீர்தூக்கியே நாங்கள் மேசைக் கணினியை எடுத்தோம்.

கடையிலே அவசரப்படாதீர்கள். பெட்டியை நன்கு ஆறவிட்டு, உங்கள் கண்முன்னே தொடக்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரமாவது ஓடவிடுங்கள். விசிறி இரைகிறதா, பெட்டி அளவுக்கு மீறிச் சுடுகிறதா என்று பாருங்கள். யூ.எஸ்.பி. துளைகள் ஒவ்வொன்றிலும் பென் டிரைவைச் செருகிப் பாருங்கள். திரையை முழு வெள்ளையாகவும் முழுக் கறுப்பாகவும் ஆக்கி, கோடு விழுந்திருக்கிறதா என்று நோக்குங்கள். உத்தரவாதம் எத்தனை மாதம் என்பதை வாய்ச்சொல்லாக அன்றிப் பற்றுச்சீட்டிலே எழுதி வாங்குங்கள்.

இங்கே முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. கணினியை இயக்கும் மென்பொருள்களுள் நாம் நன்கறிந்தது விண்டோஸ். அதன் 10ஆம் பதிப்புக்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் நாளோடு மைக்ரோசொப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. பதிவு செய்துகொள்வோர்க்கு மட்டும் ஒரு சிறு தவணை கொடுத்தது. 11ஆம் பதிப்போ, ஏறத்தாழ 2018ஆம் ஆண்டுக்கு முற்பட்ட கணினிகள் பெரும்பாலானவற்றை முறைப்படி ஏற்பதில்லை. ஆகவேதான் நல்ல பெட்டிகள் மலிவாகச் சந்தைக்கு வருகின்றன. சில கடைகளிலே குறுக்கு வழியில் 11ஆம் பதிப்பை ஏற்றி, "புதியது" என்று விற்பதும் உண்டு. மலிவு நமக்கு நல்லதே. ஆனால் பாதுகாப்பற்ற கணினியைப் பெற்றோர் கையிலே கொடுப்பது, பூட்டில்லாத வீட்டிலே அவர்களைத் தனியே விட்டுவருவதற்கு ஒப்பாகும்.

இதற்கு வழி என்ன? 1991ஆம் ஆண்டில் பின்லாந்து தேசத்திலே லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பல்கலைக்கழக மாணவர் ஒருவர், தாம் எழுதிய இயக்க மென்பொருளின் கருவை உலகத்தார்க்கு வெளியிட்டார். அதுவே லினக்ஸ். அன்று அவரும் எம்மைப் போன்ற மாணவரே. அதனை அடியாகக் கொண்டு எழுந்தவற்றுள் உபுண்டு 2004ஆம் ஆண்டிலும், லினக்ஸ் மின்ட் 2006ஆம் ஆண்டிலும் வந்தன. இவற்றுக்கு விலையில்லை, திருட்டுப் பிரதி என்ற பேச்சுமில்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் ஒழுங்காக வருகின்றன. பழைய பெட்டியிலும் இலகுவாக ஓடுகின்றன. பயர்பொக்ஸ் உலாவியும், கடிதம் எழுத உதவும் லிப்ரே ஒபிஸும் தமிழ்ப் பட்டியல்களோடு கிடைக்கின்றன. விண்டோஸிலே பழகிய ஒருவருக்கு லினக்ஸ் சிறிது அந்நியமாகத் தோன்றலாம். ஆனால் நம் பெற்றோர் எதிலும் பழகியவர்கள் அல்லரே! அவர்களுக்கு இரண்டும் ஒன்றே. எங்கள் வீட்டிலே லினக்ஸ் மின்ட் ஏற்றினோம்.

அடுத்தது தமிழ். இதுவே இன்றைய பேச்சின் நடுப்பகுதி எனலாம்.

நம் நாட்டிலே நெடுங்காலமாகப் பாமினி என்னும் எழுத்துருவிலேயே தமிழ் அச்சிட்டு வந்தோம். அது கணினிக்கு உண்மையிலே ஆங்கில எழுத்து. தமிழின் வடிவத்தைப் போர்த்திக்கொண்டிருப்பது. அந்த எழுத்துரு இல்லாத கணினிக்கு அனுப்பினால் போர்வை நழுவி, பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். யூனிகோட் என்னும் உலகப் பொதுக் குறிமுறையிலே, 1991ஆம் ஆண்டில் வந்த முதற் பதிப்பு முதலே தமிழுக்குத் தனியிடம் உண்டு. அம்முறையில் எழுதிய கடிதம் கொழும்பிலும் இரத்தினபுரியிலும் டொரொன்டோவிலும் தமிழாகவே தெரியும், தேடினாலும் அகப்படும். ஆகவே பெற்றோருக்குத் தட்டச்சுக் கற்றுக்கொடுக்கும்போது யூனிகோட் முறையிலேயே தொடங்குங்கள்.

விசைப்பலகை முறைகள் பல. இலங்கைத் தர நிர்ணயம் 2008ஆம் ஆண்டிலே ரங்கநாதன் விசைப்பலகையை ஏற்றது. ஆங்கில ஒலியைத் தட்டித் தமிழ் பெறும் முறையும் உண்டு; ஆனால் ஆங்கிலம் அறியாத தந்தைக்கு அது இரட்டைச் சுமை. 1999ஆம் ஆண்டில் சென்னையிலே நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை ஒட்டி வகுக்கப்பட்ட தமிழ்99 முறையையே நாங்கள் தெரிந்தெடுத்தோம். காரணம் சொல்கிறேன். அதிலே உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம். மெய்வரிசை பெரும்பாலும் வலக்கைப் பக்கம். நடு வரிசையில் இடப்புறம் அ, இ, உ. வலப்புறம் க, ப, ம, த, ந, ய. அடிக்கடி வரும் எழுத்துகளெல்லாம் விரலுக்கடியிலேயே கிடக்கின்றன. 'க'வைத் தட்டி 'இ'யைத் தட்டினால் 'கி' பிறக்கும். 'க'வை இருமுறை தட்டினால் முதலாவதன்மேல் புள்ளி தானாக விழும். ஙகரத்தையடுத்துக் ககரம் தட்டினாலும் அவ்வாறே. திண்ணைப் பள்ளியிலே உயிரும் மெய்யும் சேர்ந்தால் உயிர்மெய் என்று படித்த ஒருவருக்கு இது புதிய பாடமே அன்று. பழைய பாடத்தை விரலாற் சொல்வதுதான்.

தமிழ் எழுத்துப் பொறித்த விசைப்பலகைக்கு அலைய வேண்டாம். வெள்ளைத் தாளிலே எழுத்துகளைப் பெரிதாக எழுதி, சிறு சதுரங்களாக வெட்டி, ஒவ்வொரு விசையின்மேலும் ஒட்டி, மேலே ஒளி ஊடுருவும் நாடாவை ஒட்டிவிடுங்கள். ஒரு மாலை வேலை. தம்பி தங்கைமார் மகிழ்ச்சியோடு செய்வார்கள்.

எழுத்தறியாத தாய்மாரை மறந்துவிட்டாயே என்று கேட்பீர்கள். மறக்கவில்லை. 2017ஆம் ஆண்டு முதல் கூகிளின் பேச்சுணரி தமிழையும் கேட்டு எழுதுகிறது. இலங்கைத் தமிழுக்கென்று தனித் தெரிவே உண்டு. இணைய வசதியும் ஒலிவாங்கியும் இருந்தால் பேசியதை எழுத்தாக்கலாம். பிழைகள் வரும், பெயர்களிலே அதிகம் வரும், ஆகவே எழுத்தறிந்த ஒருவர் பின்னர் சரிபார்க்க வேண்டும்.

இனி, கணினியை அமைத்துக் கொடுக்கும் முறை. திரையிலே எழுத்தின் அளவை நூற்றுக்கு 125 அல்லது 150 ஆக்குங்கள். மவுசின் அம்புக்குறியைப் பெரிதாக்குங்கள். இருமுறை விரைவாகச் சொடுக்குவது முதிய விரல்களுக்குக் கடினம். ஒருமுறை சொடுக்கினாலே திறக்கும்படி மாற்றிவிடுங்கள். திரையின் முகப்பிலே நான்கைந்து படங்களுக்குமேல் வேண்டாம். எங்கள் வீட்டுக் கணினியில் இருப்பவை: கடிதம், பத்திரிகை, படங்கள், மகளோடு பேச, அணைக்க. தமிழிலேயே பெயர் எழுதி வைத்துள்ளோம். திருத்தங்கள் தாமாகவே ஏறும்படி செய்யுங்கள். கடவுச்சொல்லைப் பெற்றோரின் கையாலேயே ஒரு கொப்பியில் எழுதுவித்து, அடையாள அட்டை இருக்கும் பெட்டியிலே வைக்கச் சொல்லுங்கள். மறந்துபோகும் கடவுச்சொல்லைவிட, பெட்டிக்குள் பூட்டிய கடவுச்சொல் மேலானது.

அதே நாளிலே இன்னொரு காரியமும் செய்யுங்கள். வீட்டிலுள்ள பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், அடையாள அட்டை, சேமலாப நிதிப் பத்திரங்கள் ஆகியவற்றைப் படமெடுத்துக் கணினியிலும், பென் டிரைவ் ஒன்றிலும், வெளியூரிலுள்ள பிள்ளையிடமும் ஒவ்வொரு பிரதி வையுங்கள். 2003ஆம் ஆண்டு மே மாதத்திலும் 2017ஆம் ஆண்டு மே மாதத்திலும் நம் இரத்தினபுரி மாவட்டத்தை அழித்த வெள்ளத்தையும் மண்சரிவையும் மறந்தோர் இங்கில்லை. 2025ஆம் ஆண்டு நவம்பரிலே வந்த டிட்வா புயல் நாடெங்கும் என்ன செய்தது என்பதும் கண்ணெதிரே நிற்கிறது. ஒரு கடதாசிக்காக இரண்டு தலைமுறை காத்திருந்த மக்கள், அந்தக் கடதாசியை ஒரே இரவில் சேற்றுக்குக் கொடுக்கலாகாது. மூலப் பத்திரம் போனாலும், அதன் இலக்கமும் திகதியும் தெரிந்தால் மறுபிரதி பெறுவது இலகு.

மின்சாரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் நம் மலைகளிலே பிற்பகல் இடிமுழக்கம் எப்படியிருக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. யு.பி.எஸ். பெட்டி மின்சாரம் திடீரென நிற்பதைத் தாங்கும், மின்னலைத் தாங்காது. வானம் இருண்டதும் கணினியை அணைத்து, செருகியைச் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும். இணையக் கம்பி வந்தால் அதனையும் கழற்ற வேண்டும். லயத்து வீடுகளின் மின்கம்பிகள் பழையவை. நில இணைப்பு உண்டா என்று மின் வேலை தெரிந்தவரைக் கொண்டு பார்த்த பின்பே கணினியைச் செருகுங்கள். ஈரக்காற்றுப் பூஞ்சணத்தைக் கொண்டுவரும். வாரத்தில் நான்கு நாளாவது அரை மணி ஓடவிட்டால் அந்தச் சூடே பாதுகாப்பு.

இணையத்திலே நன்மை வருவதுபோலக் கள்வரும் வருவர். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, தொலைபேசிக்கு வந்த ஆறிலக்க எண்ணைக் கேட்பார்கள். பரிசு விழுந்ததென்பார்கள். கணினியிலே நோய் இருக்கிறது, தூரத்திலிருந்தே திருத்துகிறோம், இந்த மென்பொருளை ஏற்றுங்கள் என்பார்கள். கணினிக்கு மேலே சுவரிலே இந்த மூன்று வரிகளைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்: எண்ணைக் கேட்டால் சொல்லாதே, காசு கேட்டால் அனுப்பாதே, சந்தேகம் வந்தால் பிள்ளையைக் கூப்பிடு. இணையக் குற்றம் நேர்ந்தால் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101ஆம் இலக்கத்துக்கு அறிவிக்கலாம். அரச அலுவல்கள் பற்றிய விளக்கத்துக்கு 1919ஆம் இலக்கத்திலே தமிழிலும் பேசலாம்.

இப்பொழுது எல்லாவற்றிலும் கடினமான பகுதிக்கு வருகிறேன். அது கற்பிக்கும் முறை. காசு கொடுத்தால் கணினி கிடைக்கும். பொறுமை கடையிலே கிடையாது.

பக்கத்திலே அமர்ந்து, "இதைக்கூடத் தெரியாதா?" என்று சொல்லி மவுசைப் பிடுங்கும் பிள்ளை, பெற்றோருக்கு ஒன்றையும் கற்பிக்கவில்லை, அவமானத்தையே கற்பிக்கிறது. நமக்கு அ எழுதப் பழக்கியபோது அவர்கள் எத்தனை முறை நம் விரலைப் பிடித்தார்கள்! நம் கை நம் மடியிலேயே இருக்கட்டும். அவர் கை மவுசிலே இருக்கட்டும். நாளுக்கு ஒரு காரியம் போதும். முதல் வாரம் தொடக்கவும் அணைக்கவும், சீட்டாட்டம் ஒன்றை விளையாடி மவுசைப் பழகவும் விடுங்கள். இரண்டாம் வாரம் தம் பெயரைத் தட்டட்டும். மூன்றாம் வாரம் கடிதம். ஒவ்வொரு காரியத்துக்குமான படிகளை அவர்களே தம் கையால் கொப்பியில் எழுதட்டும். நாம் எழுதிக் கொடுத்தது நமக்கே விளங்கும். "எதை அழுத்தினாலும் கணினி வெடிக்காது" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சிரிப்பீர்கள், ஆனால் அந்தப் பயம் உண்மையானது.

என் தந்தையார் தம் பெயரை முழுதாகத் தட்ட நான்கு நாள் எடுத்தார். முதற் கடிதத்துக்கு இரண்டு வாரம் ஆனது. ஒரு பக்கம்தான். பென் டிரைவிலே கொண்டுபோய் டவுன் கடையிலே அச்செடுத்தோம். அது அயல் லயத்து அம்மா ஒருவரின் விண்ணப்பம். அச்சான தாளை அவர் வாங்கி, வெளிச்சத்திலே பிடித்து, ஒரு எழுத்துப்பிழையைக் கண்டுபிடித்து, மீண்டும் அச்செடுக்கச் சொன்னார். கணக்கப்பிள்ளை மீண்டும் வேலைக்கு வந்துவிட்டார் என்று அப்பொழுதுதான் எங்களுக்குத் தெரிந்தது. இன்று மாலைநேரங்களில் எங்கள் வாசற்படியிலே மறுபடியும் ஆட்கள் இருக்கிறார்கள். எல்லாக் கடிதத்துக்கும் மறுமொழி வருகிறது என்று நான் கூறமாட்டேன். விளங்கவில்லை என்று ஒன்றும் திரும்பி வரவில்லை.

அன்பர்களே, தமிழ்நாட்டு அரசு 2011ஆம் ஆண்டு செப்டெம்பர் 15ஆம் நாள் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கிற்று. நம் நாட்டிலும் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் கிராமங்களிலே நெனசல என்னும் அறிவகங்களைத் திறந்தது. கோயில்களிலும் நூல்நிலையங்களிலும்கூட அவை அமைந்தன. நல்ல திட்டங்கள் இவை. ஆயினும் முதியவரின் வீட்டு மேசைக்கு ஒரு கணினியைக் கொண்டுவந்து, பக்கத்திலே அமர்ந்து கற்றுக்கொடுக்கும் திட்டம் எதனையும் நான் கண்டதில்லை. அதனை அரசு செய்ய இயலாது. பிள்ளைகளே செய்ய வேண்டும். பிள்ளை இல்லாத இடத்தில் மன்றம் செய்ய வேண்டும்.

ஆகவே இம்மன்றத்தின்முன் மூன்று வேண்டுகோள்களை வைத்து என் உரையை முடிக்கிறேன். ஒன்று: தனியாக வாங்க இயலாத குடும்பங்களுக்காக மன்ற மண்டபத்திலே பெரிய திரையுள்ள கணினி ஒன்றை வையுங்கள், சனிக்கிழமை மாலை அது மூத்தோர்க்கே உரியதாகட்டும். இரண்டு: வாங்க நினைப்பவர்கள் தனித்தனியே போகாமல், கணினி அறிந்த அங்கத்தவர் ஒருவரோடு சேர்ந்து போகட்டும், நாலைந்து பெட்டிகளை ஒருங்கே எடுத்தால் கடைக்காரரும் விலை குறைப்பார், நாமும் ஏமாறமாட்டோம். மூன்று: ஒவ்வொரு இளைஞரும் ஒரு மூத்தவரைப் பொறுப்பேற்று, மூன்று மாதம், வாரத்தில் ஒரு மணி நேரம், பக்கத்திலே அமருங்கள். செலவில்லாத உதவி இதுவே. மற்ற இரண்டும் இதனாலேயே பயன் பெறும்.

பெரியோர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. "எனக்கு இனி எதற்கு?" என்று சொல்லாதீர்கள். செக்ரோலும், கோயிற் கணக்கும், யார் யாருக்கு எந்த ஆண்டில் எந்தக் கடதாசி வந்தது என்பதும் உங்கள் நினைவிலே இருக்கின்றன. எங்களுக்கு விசைகள் தெரியும்; எதை எழுத வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். பக்கத்திலே எங்களுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.